பண்ணிசை வகுப்புக்கு எந்த நேரலை முறை?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:
வணக்கம். கோலாலம்பூரிலும் பினாங்கிலுமாக 24 பிள்ளைகளுக்கு இணையத்தில் பண்ணிசை கற்பிக்கிறேன். எங்களுக்கென ஒரு செயலி எழுத முன்வந்துள்ள முன்னாள் மாணவர், உலாவிகளுக்கிடையே ஒலியையும் படத்தையும் உடனுக்குடன் பரிமாறும் வெப்ஆர்டிசி நுட்பம் வேண்டும் என்கிறார். அவருடைய நண்பரோ சாதாரண நேரலை ஒளிபரப்பே போதும் என்கிறார். எது சரி?

ஜார்ஜ்டவுன் நிரலர்:
ஒளிபரப்பே போதும், அம்மா. வெப்ஆர்டிசியில் உலாவிகள் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்தால், உங்களையும் சேர்த்து 25 பேருக்கு 300 இணைப்புகள் தேவைப்படும். ஒவ்வொரு கைப்பேசியும் தன் படத்தை 24 முறை அனுப்பித் திணறும். எச்எல்எஸ் என்னும் ஒளிபரப்பு முறையில் காணொளி சிறு துண்டுகளாக, வலைப்பக்கத்தைப் போலவே செல்வதால், பார்ப்பவர் எத்தனை பேரானாலும் உங்கள் கணினிக்குச் சுமை கூடாது.

செந்தூல் பொறியாளர்:
ஜார்ஜ்டவுன் நண்பரின் கணக்கு சரி. ஆனால் இத்தனை பேருக்கு அப்படி யாரும் கட்டுவதில்லை. நடுவில் எஸ்எஃப்யூ என்னும் வழங்கியை (சர்வரை) வைத்தால், ஒவ்வொருவரும் ஒரு முறை அனுப்பினால் போதும். யாருக்கு எது தேவையோ அதை மட்டும் வழங்கி பகிர்ந்துவிடும். எச்எல்எஸ் துண்டு ஒன்று வழக்கமாக 6 விநாடி; காணொளியை ஓட்டும் இயக்கி மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்டுதான் தொடங்கும் என்றால், சுருதி பிசகிய பிள்ளைக்கு ஆசிரியையின் திருத்தம் 18 விநாடி கழித்தே போய்ச் சேரும். பாடம் அதற்குள் வேறு அடிக்குப் போயிருக்கும்.

ஜார்ஜ்டவுன் நிரலர்:
குறைந்த தாமத எச்எல்எஸ் 2019இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. தாமதம் சில விநாடிகள்தான். மேலும், வெப்ஆர்டிசி வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிபி என்னும் தரவு வழி அடைபட்ட வலைகளுக்காக, இடையில் நின்று தரவைக் கடத்தித் தரும் டர்ன் வழங்கி ஒன்றையும் நீங்கள் நடத்தவேண்டும். அந்த மாதச் செலவை யார் ஏற்பது?

செந்தூல் பொறியாளர்:
செலவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆயினும் பாட்டு வகுப்பில் சில விநாடிகளும் மிகுதி. இதைவிட முக்கியமான ஒன்றை இருவருமே விட்டுவிட்டோம்: உலாவியின் இரைச்சல் நீக்கம், தொடர்ந்து ஒலிக்கும் தம்பூராவையும் இரைச்சலாகவே எண்ணி அடக்கிவிடக்கூடும். பேச்சுக்கென அமைந்த இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலியளவையும் நிறுத்திவிட்டு, எதிரொலி வராதபடி பிள்ளைகளைக் காதொலிப்பான் அணியச் சொல்ல வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை:
இப்போதைய வகுப்பில் தம்பூரா அடிக்கடி மறைந்துபோவதற்கு என் கருவியைத்தான் நொந்துகொண்டிருந்தேன், ஐயா. அப்படியானால் வெப்ஆர்டிசியில் அனைவரும் சேர்ந்து பாட முடியுமா?

ஜார்ஜ்டவுன் நிரலர்:
முடியாது, அம்மா. சில பத்து மில்லிவிநாடி தாமதமே தாளத்தைக் குலைத்துவிடும். இணையத்தில் அது எளிதில் மிஞ்சிவிடும்.

செந்தூல் பொறியாளர்:
இதில் நண்பரோடு உடன்படுகிறேன். ஒருவர் பாடும்போது மற்றவர்களின் மைக்கை அணைத்துவையுங்கள். பெற்றோர் பார்க்கும் ஆண்டு விழாவுக்கு வேண்டுமானால் எச்எல்எஸ் வைத்துக்கொள்ளலாம்.