லே மோர்ன் கடலுக்குள் அருவி உண்மையிலேயே இருக்கிறதா?

மோக்காவாசி:
வணக்கம். அடுத்த மாதம் சென்னையிலிருந்து அத்தை குடும்பத்தோடு மொரீஷியஸ் வருகிறார். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அந்தப் படத்தை யாரோ அனுப்பிவிட, லே மோர்ன் மலையடியில் கடலுக்குள்ளேயே அருவி கொட்டுகிறதாமே, படகில் கிட்டே போகலாமா என்று தினமும் கேட்கிறார். அடியில் என்னதான் நடக்கிறது?

ஆழ்கடல்:
அருவி கண்மயக்கு, ஆனால் சரிவு நிஜம். அலைகள் பவளத்திட்டைத் தாண்டி லகூனுக்குள், அதாவது திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள ஆழமில்லாத கடலுக்குள், ஓயாமல் தண்ணீரைத் தள்ளுகின்றன, அது வெளியேறத் திட்டில் இருக்கும் இடைவெளிதான் வழி, நாம் பாஸ் என்கிறோமே, அதுதான். பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான வெள்ளை மணலை அந்த நீரோட்டம் இழுத்துப்போய் விளிம்புக்கு வெளியே சரியவிடுகிறது. ஆழமில்லாத இடம் வெளிர்பச்சை, விளிம்பைத் தாண்டினால் கருநீலம், நடுவில் மணல் கீழ்நோக்கிக் கோடு கோடாகப் படிந்திருக்கிறது, அதனால் மேலிருந்து பார்த்தால் தண்ணீரே மடிந்து விழுவதுபோல் தெரிகிறது. படகிலிருந்து அப்படித் தெரியாது. அத்தைக்கு அந்தக் காட்சிதான் வேண்டுமென்றால் மேலே பறந்துதான் ஆக வேண்டும். தயவுசெய்து பாஸ் பக்கம் யாரையும் நீந்த விடாதீர்கள், அந்த இழுப்பு திட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

ரோஸ்ஹில் தம்பி:
அண்ணன் சொன்னது சரி. நம் தீவே கடலடியிலிருந்து எழும்பிய எரிமலை, சுற்றியுள்ள ஆழ்கடல் 4 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அதனால்தான் திட்டைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனாலே கடலடி இறங்கிக்கொண்டே போகிறது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: இன்று பக்கத்துத் தீவான ரியூனியனின் எரிமலையைக் கனன்றுகொண்டிருக்கச் செய்யும் அதே வெப்பப்புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடம்), சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைக்குழம்பையும் கக்கியது என்பது புவியியலாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. அதன் மேலே இருக்கும் புவித்தட்டு, அதாவது பூமியின் மேலோட்டுத் துண்டு, நகர நகர, லட்சத்தீவும் மாலத்தீவும் உட்கார்ந்திருக்கும் கடலடி மலைத்தொடர் உண்டானது, வெகுகாலம் கழித்து மொரீஷியஸ். நான் இதைப் பள்ளியில் படிக்கவே இல்லை, நம் பிள்ளைகளுக்காவது யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மோக்காவாசி:
ரொம்ப நன்றி. அப்படியானால் சுய்யாக் பக்கம் கிரி கிரியில் மட்டும் ஏன் அலை அவ்வளவு மூர்க்கம்?

ஆழ்கடல்:
அங்கே எதிரில் திட்டு இல்லை. மற்ற இடங்களில் அலை திட்டிலேயே உடைந்து வேகம் குறைந்துதான் கரைக்கு வரும், கிரி கிரியில் திறந்த கடல் நேராகக் கரும்பாறையில் வந்து மோதுகிறது. பொதுவாக ஆற்று நன்னீரும் வண்டலும் கலக்கும் இடத்தில் பவளம் வளராது, முகத்துவாரங்களுக்கு எதிரே பாஸ்கள் இருப்பதும் அதனால்தான். அத்தையைப் பாறைமேல் நின்று பார்க்கச் சொல்லுங்கள், இறங்க வேண்டாம்.