முதல் கேமிங் கணினிக்குப் பாகங்கள் வாங்கியபோது நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

ஆந்தைக்கண்:
கிராபிக்ஸ் கார்டின் நீளம் 336 மி.மீ., கேபினட்டில் (பாகங்களை மாட்டும் பெட்டி) 340 வரை கொள்ளும் என்று போட்டிருந்தது. அந்த நான்கு மில்லிமீட்டரை நம்பி அந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை வாங்கினேன். முன்பக்கத்தில் பிராசஸரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை ஏற்கெனவே மாட்டியிருந்தேன். அது 27 மி.மீ., அதோடு ஃபேன் 25. முன்பக்கம் காலியாக இருந்தால்தான் 340 என்பதை நான் யோசிக்கவே இல்லை. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். கார்டின் முனை ஃபேன் சட்டத்தில் 'டக்' என்று முட்டி நின்ற ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ரேடியேட்டரை மேலே மாற்றலாம் என்றால் ரேமின் உயரம் தடுத்தது. எட்டு மாதச் சேமிப்பு மேசைமேல் கிடக்க, அன்றிரவு பழைய கணினி முன்னால்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

செம்புக்கம்பி:
நீளம் தவறினால் கேபினட்டை மாற்றிவிடலாம். எனக்குப் போனது திரும்பாது. 650 வாட் பவர் சப்ளையை எடுத்துவிட்டு 1000 வாட் வைத்தேன். ஹார்ட் டிஸ்குகளுக்குப் போகும் பழைய கேபிள்கள் பின்தட்டில் நேர்த்தியாகக் கட்டியிருந்ததால் அவற்றைப் பிரிக்க மனமில்லை. புதியதிலும் அதே வடிவத் துளைதான், செருகினேன், பொருந்தியது. டிஸ்க் பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கம் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பொத்தானை அழுத்தியதும் 'சட்' என்றது, பிறகு கருகல் வாடை. இரண்டு டிஸ்குகளும் போயின. அப்பாவின் குரல் இருந்த ஒரே பதிவு அதில்தான் இருந்தது.

நள்ளிரவுத்_திருப்புளி:
செம்புக்கம்பி நண்பரே, 1000 வாட் எதற்கு? 4090 கார்டு வைத்தாலும் அதற்கு 450 வாட், ரைசன் 7800எக்ஸ்3டி பிராசஸருக்கு 120. இந்தக் கார்டுக்கு அதன் தயாரிப்பாளர் என்விடியாவே 850 வாட்தான் பரிந்துரைக்கிறது. என் கதை சிறியது: 6000 வேகம் என்று போட்ட ரேம் நான்கு வாங்கினேன், நான்கையும் செருகியதும் 3600க்கு மேல் நிலைக்கவில்லை. இரண்டைக் கழற்றியதும் சரியாயிற்று.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், கார்டை அல்ல. 1080பி தெளிவுத்திறன் மானிட்டருக்கு 4090 கார்டு வீண். 4கே என்றால் சுமை பெரும்பாலும் கார்டின்மேல்தான் விழும். பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பெரிய இழப்பில்லை. பவர் சப்ளை ஏடிஎக்ஸ் 3.0 தரமாக இருக்கட்டும், கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் மின்சாரத்தை அது தாங்கும். கார்டுக்கு மின்சாரம் தரும் 16 முனை இணைப்பை இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்துங்கள். 2022இல் உருகிப்போன இணைப்புகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ரேம் என்றால் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ரேம் வேகத்துக்கான எக்ஸ்போ அமைப்பை இயக்காவிட்டால் ரேம் முழு வேகத்தில் ஓடாது.

செம்புக்கம்பி:
நான் வாட் கணக்குக் கேட்கவில்லை. 850 வாங்கியிருந்தாலும் அதே பழைய கேபிளைத்தான் செருகியிருப்பேன்.

கறுப்புத்திரை:
எனக்கு எல்லாம் பொருந்தியது, திரைதான் வரவில்லை. டிடிஆர்5 ரேமை மதர்போர்டு முதன்முறை பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும் என்பது அப்போது தெரியாது. ஒரு நிமிடம் பார்ப்பேன், அணைப்பேன். ஐந்தாம் முறை, பிராசஸர்தான் கெட்டது என்று முடிவுகட்டிக் கழற்றினேன். திரும்ப வைக்கும்போது விரலிலிருந்து நழுவி ஒரு மூலை குத்திட்டு விழுந்தது. ஏஎம்5 வகைப் பிராசஸர்களுக்கு ஊசிகள் மதர்போர்டில் அல்லவா இருக்கின்றன! டார்ச் அடித்துப் பார்த்தேன். 1718 ஊசிகளில் மற்றவையெல்லாம் ஒரே சாய்வில் மின்ன, அந்த மூலையில் மூன்று மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தன.

பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடி வைத்து அவற்றை நிமிர்த்தினார். இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் இன்றுவரை வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் கோத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. நான் அணைக்கக் கை நீட்டினேன். "இருங்கள், வரும்" என்றார். வந்தது.