சரிவான தென்னங்காணிக்கு ஏறி ஓட்டுற புல்லுவெட்டும் மெசின்: எது சரிவரும்?

கேள்வி (ஒட்டுசுட்டான்)

அண்ணைமார், ஒரு விளக்கம் வேணும். இரண்டு ஏக்கர் தென்னங்காணி. ரோட்டுப் பக்கம் மேடு, பின்பக்கம் வாய்க்காலுக்கு இறங்குது. மாரி முடிய புல் முழங்காலுக்கு வந்திடும். பாவிச்ச லோன் டிரக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கு: ஒற்றைச் சிலிண்டர், 17 குதிரைவலு, 42 அங்குல வெட்டுத்தட்டு, மிதியால் ஓடுற ஹைட்ரோ கியர் (ஒயில் அமுக்கத்தால் சில்லைச் சுத்துறது). ஸ்டார்ட் பண்ணின உடன நல்லா ஏறுது. அரை மணித்தியாலம் வெட்டினால் ஏற்றத்தில் இன்ஜின் இரையுது, சில்லு சுத்துதில்லை. பெல்ட் மாத்தினால் போதுமா, இல்லாட்டி 22 குதிரைவலு ஒன்று தேடவா?

பதில் (விசுவமடு)

தம்பி, குதிரைவலுவை விடுங்கோ. இன்ஜின் திணறாமல் இரைஞ்சு கொண்டிருக்க சில்லு நிற்குதெண்டால், வலு சில்லுக்குப் போய்ச் சேரேல்லை எண்டுதான் அர்த்தம். 22 வாங்கினாலும் அதே கியர் இருந்தால் அதே இடத்தில்தான் நிற்கும்.

முதல் சுகமானதுகளைப் பாருங்கோ. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழற்றின பிறகுதான் கீழ கை வைக்க வேணும். இன்ஜின் இல்லாமல் மெசினைத் தள்ளிக்கொண்டு போகப் பின்பக்கத்தில் ஒரு பைபாஸ் கம்பி இருக்கும். அது முழுசா ஓடுற நிலைக்குப் போயிருக்கோ பாருங்கோ. அடுத்தது ஓட்டப் பெல்ட். பக்கங்கள் கண்ணாடி மாதிரி மினுங்கினால், ஏற்றத்தில் றப்பர் கருகின மணம் வந்தால் அது வழுக்குது. மாத்தேக்க அளவு பொருந்துது எண்டு சாதாரண பெல்ட் போடாதேங்கோ, அராமிட் நூல் போட்டது வேணும். மூன்றாவது, கியர்ப் பெட்டிக்கு மேல இருக்கிற சின்ன விசிறி. இதழ் உடைஞ்சிருந்தாலோ புல்லுத்தூள் அடைச்சிருந்தாலோ ஒயில் கொதிச்சுத் தண்ணியாகி, பம்புக்குள்ள அமுக்கம் நிற்காது. குளிரில் ஏறி சூட்டில் நிற்கிற குணம் இதாலயும் வரும்.

மூன்றும் சரியா இருந்தும் நின்றால், உள்ளுக்கு பம்ப் தேஞ்சிருக்கு. டஃப் டோர்க் கே46 மாதிரி இலேசான கியர்ப் பெட்டிகளுக்கு வடிக்கிற நட்டும் இல்லை. கழற்றி இறக்கித்தான் ஒயில் மாத்தலாம். அந்த மெசின் சமதரை முற்றத்துக்கு நல்லது, ஏற்றத்துக்கு இல்லை.

பதில் (வவுனியா)

காணி எவ்வளவு சரிவெண்டு சொல்லாமல் ஒருத்தராலயும் மெசின் சொல்லேலாது. ஒரு மீற்றர் நேரான சலாகையின் மேட்டுப்பக்க நுனியை மண்ணில் வைச்சு, நீர்மட்டம் வைச்சுப் பிடியுங்கோ. பள்ளப்பக்க நுனியில இருந்து மண்ணுக்கு எத்தினை சென்ரிமீற்றர் எண்டு அளவுங்கோ. 18 எண்டால் ஏறக்குறைய 10 பாகை, 27 எண்டால் 15 பாகை. ஏறி ஓட்டுற மெசின்களுக்குக் கொம்பனிகள் குடுக்கிற எல்லை அனேகமா 10க்கும் 15க்கும் இடையில. வாங்கிற மெசினின்ர கைநூலில என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஆகச் சரிவான இடத்தை அளவுங்கோ, சராசரி வேண்டாம். குளக்கட்டை ஒன்றுக்கு இரண்டு சரிவில (ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி கிடை) கட்டியிருந்தால் அது 26 பாகைக்கு மேல. அதில இந்த மெசினை ஏத்தவே கூடாது.

கேள்வி கேட்டவர்

அளந்தன் அண்ணை. மரங்கள் நிற்கிற பகுதி 14 சென்ரிமீற்றர். வாய்க்கால் ஓரம் 35.

பதில் (வவுனியா)

14 எண்டால் 8 பாகை, பயப்படாமல் ஓட்டலாம். 35 எண்டால் 19 பாகை. அந்த ஓரத்தைத் தோளில போடுற மெசினால வெட்டுங்கோ, ஏறி ஓட்டுற மெசினை விளிம்பில இருந்து குறைஞ்சது அதின்ர இரண்டு அகலம் தள்ளியே ஓட்டுங்கோ. மழை அரிச்ச கரை பாரத்துக்கு இடியும்.

எடுக்கிறதெண்டால் பாரமான ஹைட்ரோ கியர், டிஃப் லொக் (இரண்டு சில்லையும் சேர்த்துச் சுத்த வைக்கிற பூட்டு), ஒயில் பில்டர் உள்ள இன்ஜின். பில்டர் இருந்தால் பம்பால ஒயில் ஓடும், சரிவிலயும் மேல போகும். ஜப்பான் பழத்தோட்டங்களுக்குச் செய்யிற ஓரெக் ராபிட் மோவர் வகையில நாலு சில்லும் இழுக்கிறது ரீகண்டிஷனில கிடைச்சால் விடாதேங்கோ. இருக்கை பதிவு, தென்னோலைக்குக் கீழ பூரும். ஸீரோ டேர்ன் (நின்ற இடத்திலேயே திரும்புற வகை) வேண்டாம். அதின்ர முன்சில்லு சும்மா உருளுறது. பின்சில்லு வழுக்கினால் திருப்பலும் இல்லை, பிரேக்கும் இல்லை.

பதில் (விசுவமடு)

ஓட்டுறது மேல கீழதான், குறுக்கால இல்லை. சரிவில திரும்பாதேங்கோ, மேட்டில போய்த் திரும்புங்கோ. இறங்கேக்க நியூட்ரலில விடாதேங்கோ. சில்லு வழுக்கினால் பிளேட்டை நிப்பாட்டி நேர கீழ இறக்குங்கோ. பனி காயமுதல் வெட்ட வேண்டாம்.

முழங்கால் புல்லை ஒரே இழுவையில வெட்டினால் தட்டு அடைச்சு கியரும் சூடாகும். முதல் தரம் தட்டை ஆக உயர்த்தி, அரை அகலம் மட்டும் எடுங்கோ. இரண்டாம் தரம் இறக்குங்கோ. கினிப்புல் புதரை இதால வெட்டேலாது, நாலுசில்லு டிரக்டருக்குப் பின்னால பூட்டுற சிலாஷர் (புதர் வெட்டி)தான்.

வெட்ட முதல் காணியை நடந்து பாருங்கோ: மட்டை, பாளை, வடலிக் கட்டை, கறையான் புற்று, பழைய முள்ளுக்கம்பி. கம்பி பிளேட்டில சுத்தினால் சுழல் தண்டு வளையும். எங்கட பக்கம் இன்னொன்றும் இருக்கு. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத துண்டுக்குள்ள மெசினை விடாதேங்கோ. வாய்க்கால் அரிச்ச இடத்தில தெரியாத இரும்பு கண்டால் தொடாமல், அடையாளம் வைச்சுப் பொலிசுக்கோ விதானையாருக்கோ அறிவியுங்கோ.

கேள்வி கேட்டவர்

விசிறியில இரண்டு இதழ் உடைஞ்சிருக்கு அண்ணை. உடையவர் மாத்தித் தாறன் எண்டுறார்.

பதில் (விசுவமடு)

மாத்தினபிறகு ஒரு மணித்தியாலம் வெட்டி, சூட்டோட அந்த 14 சென்ரிமீற்றர் ஏற்றத்தில நிறுத்தித் திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ. இழுத்தால் எடுங்கோ. தயங்கினால் உள்ள பம்ப் முடிஞ்சுது, விலை குறைச்சாலும் வேண்டாம்.