வெல்லம் போட்டுப் பெருக்கிய வேம், சின்ன வெங்காயத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே?

வெங்காயக்காடு:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண், கிணற்றுப் பாசனம். போன பட்டத்தில் 4 கிலோ வேம் (செடியின் வேருக்குள் வாழ்ந்து மண்ணிலிருந்து சத்து எடுத்துத் தரும் வேர் உட்பூசணம்) வாங்கி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பெருக்குவது போலவே 200 லிட்டர் டிரம்மில் வெல்லம் கரைத்து ஒரு வாரம் ஊறவைத்து, சின்ன வெங்காயம் நட்ட 10ஆம் நாள் பாசனத் தண்ணீரோடு பாதி வயலுக்கு மட்டும் விட்டேன். மீதிப் பாதிக்கு விடவில்லை. இரண்டு பாதியும் ஒரே மாதிரிதான் வந்தது. விதை வெங்காயத்தைக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியில் நனைத்து நட்டேன், அடியுரம் வழக்கம்போல மணிச்சத்து மிகுந்த டிஏபி. அதற்கு முன் இரண்டு வருடம் பீட்ரூட்டும் முள்ளங்கியும்தான். மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்று வந்திருக்கிறது. வாங்கியதே சரியில்லையா, நான் செய்தது தப்பா?

மண்வெட்டி:
டிரம்மிலேயே காரியம் கெட்டுவிட்டது அண்ணா. சூடோமோனாஸ் பாக்டீரியா, வெல்லம் கிடைத்தால் பெருகும். வேம் அப்படி இல்லை, உயிருள்ள வேருக்குள் புகுந்து செடி கொடுக்கும் சர்க்கரையைச் சாப்பிட்டால்தான் வளரும், ஆய்வுக்கூடத்திலேகூட அதை வேர் இல்லாமல் தனியாக வளர்ப்பது ரொம்பக் கடினம். உங்கள் டிரம்மில் பெருகியது வேறு ஏதோ. அப்புறம், வேர் வரும் இடத்தில் அது காத்திருக்க வேண்டும். அதனால்தான் நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று, விதைக்கும்போதே 2, 3 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்கிறார்கள். விதை வெங்காயம் நடுபவர்கள் சலித்த தொழு உரத்தில் கலந்து விதை வெங்காயத்துக்கு அடியில் விழும்படி போடலாம்.

கொடிக்கால்:
மேலே சொன்னது சரி, ஆனால் அதைவிடப் பெரிய காரணம் உங்கள் பயிர்ச் சுழற்சி என்று நினைக்கிறேன். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட், கீரைத்தண்டு, இந்த வகைகளின் வேரில் இந்தப் பூசணம் ஒட்டுவதே இல்லை. இரண்டு வருடம் இவற்றையே போட்டால் மண்ணில் ஏற்கெனவே இருந்ததும் பட்டினியில் குறைந்துபோகும். வெங்காயத்துக்குத்தான் இது ரொம்பத் தேவை, ஏனென்றால் அதன் வேர் தடித்துக் குட்டையாக இருக்கும், வேர்த்தூவி அனேகமாகக் கிடையாது. மணிச்சத்து மண்ணில் நகராத சத்து, வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்துவிட்டால் அதோடு சரி. பூசண இழை அதைத் தாண்டிப் பல செ.மீ. போய் எடுத்துவரும், போகிற வழியில் மண் துகளையும் பின்னிப் பிடிக்கும். ஆனால் கையெட்டும் தூரத்தில் டிஏபி கொட்டிக்கிடந்தால் செடி எதற்குச் சர்க்கரை கொடுத்து ஆள் வைக்கும்? உங்கள் மண்ணில் ஒரு பட்டம் டிஏபியை நிறுத்திப் பாருங்கள், தழைச்சத்தை மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். கார்பென்டாசிமும் இதற்கு ஆகாது.

தோட்டத்துவீடு:
என் தொழு உரக் குழியில் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருக்கிறது, அதையே அள்ளிப் போட்டால் போதாதா?

மண்வெட்டி:
அது மட்கும் பொருளைத் தின்னும் வேறு பூஞ்சை. நல்லதுதான், ஆனால் வேம் இல்லை. வேருக்குள் இருக்கும் வேமைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும்.

வெங்காயக்காடு:
இப்போதுதான் புரிகிறது, இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் சொந்தமாகப் பெருக்க வழியே இல்லையா?

கொடிக்கால்:
இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஓரடி ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்பு பாலித்தீன் விரித்து, வெர்மிகுலைட்டும் (லேசான கனிமத் துகள்) சுத்தம் செய்த மண்ணும் நிரப்பி, மேலிருந்து 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஒரு கிலோ வேம் பரப்பி மக்காச்சோளம் விதையுங்கள். 60 நாளில் தட்டையை அறுத்துவிட்டு வேரைப் பொடியாக நறுக்கி அந்த மண்ணோடு கலந்தால் சுமார் 55 கிலோ கிடைக்கும். கடை விதை மருந்து பூசி சிவப்பாக வரும், அது வேண்டாம், மருந்து படாத விதையாகத் தேடி வாங்குங்கள்.

வெங்காயக்காடு:
பக்கத்துக் காட்டில் மருந்து படாத மக்காச்சோளம் இருக்கிறது, இந்த வாரமே குழி எடுக்கிறேன். அடுத்த பட்டத்தில் வேம் போடாமல் நாலு பாத்தி விட்டு, போட்டதையும் போடாததையும் தனித்தனியாக எடைபோட்டு இங்கேயே எழுதுகிறேன்.