கோ-சைன் போட்ட கடனுக்கு எனக்கும் 1099-சி (தள்ளுபடியான கடனை வருமானமா எடுத்துக்கிறதுக்கான வரி ஃபார்ம்) வந்திருக்கு, வரி கட்டணுமா?

அமெரிக்கால இருக்கிற வரி விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. மச்சினன் கார் லோனுக்கு நான் கோ-சைன் (அவர் கட்டலைன்னா நான் பொறுப்புன்னு கையெழுத்து) போட்டிருந்தேன். அவருக்கு வேலை போச்சு, தவணை நின்னுச்சு. பேங்க் காரை எடுத்து ஏலத்துல வித்துட்டு, மீதி 11,400 டாலரைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. இப்ப ரெண்டு பேருக்கும் 1099-சி. ரெண்டுலயும் கட்டம் 2-ல, அதாவது தள்ளுபடி ஆன தொகை போடுற இடத்துல, முழுத் தொகை!

கடன் சொத்தைவிட அதிகமா இருந்ததால அவர் ஃபார்ம் 982 (தள்ளுபடித் தொகையை வருமானத்துல சேர்க்காம விடக் கொடுக்குற ஃபார்ம்) போட்டுத் தப்பிச்சுடுவார். எனக்கு அது எடுபடாது. வீடு, 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) எல்லாம் சொத்துக் கணக்குல வந்துடுமே.

வெறும் ஜாமீன்தாரருக்கு 1099-சி தரத் தேவையில்லைன்னு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) விளக்கத்துலயே இருக்கு. ஆனா பத்திரத்துல என்னை 'கோ-பாரோவர்'னு (சேர்ந்து கடன் வாங்கினவர்னு) போட்டிருக்காங்க. பணம் ஒரு பைசா என் கைக்கு வரலை. பேங்க்ல சொல்லித் திருத்தின ஃபார்ம் வாங்கின யாராவது இருக்கீங்களா? இல்ல, விளக்கம் எழுதி ரிட்டர்னோட இணைச்சா போதுமா? இதுல பழக்கமுள்ள சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) இருந்தாலும் சொல்லுங்க.