சைலன்சர் மாற்றும் வேலையில் முறிந்த ஸ்டட்டுகள்: எக்ஸ்ட்ராக்டர் போடலாமா?

கேள்வி

வணக்கம். ஆறு சிலிண்டர் டீசல் லாரி ஒன்றின் சைலன்சர் அமைப்பை மேனிஃபோல்டிலிருந்து (என்ஜினின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி) பின்குழாய் வரை முழுவதுமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேனிஃபோல்டைக் கழற்றும்போது, அதை ஹெட்டோடு (என்ஜினின் மேற்பகுதி) பிணைக்கும் மரையுள்ள தண்டுகளான 10 மி.மீ. ஸ்டட்டுகளில் இரண்டு சிக்கலாகிவிட்டன. கடைசி சிலிண்டரின் ஓரத்தில் இருந்தது நான் ஸ்பானர் வைப்பதற்கு முன்பே முறிந்திருந்தது. அதன் மிச்சம் ஹெட்டின் முகத்தோடு மட்டமாக உள்ளே நிற்கிறது. நடுவில் இருந்த மற்றொன்று நான் திருகும்போது முறுக்கிக்கொண்டு உடைந்தது. அது ஏறத்தாழ 6 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இவை போதாதென்று, முன்குழாயின் ஃபிளேஞ்சில் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டு) உள்ள மூன்று நட்டுகளும் துருவேறி, ஸ்பானர் பிடிக்க முடியாதபடி மூலைகள் மழுங்கிவிட்டன.

ஹெட் வார்ப்பிரும்பு. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு இரவுகள் ஊறவிட்டிருக்கிறேன். டிரில்லும், ஆர்க் வெல்டிங் கருவியும், எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த துண்டில் துளையிட்டு, அதற்குள் இறுக்கித் திருகி எடுக்கும் கருவி) தொகுப்பு ஒன்றும் கையில் உள்ளன. மட்டமாக உடைந்ததுதான் கடினமானது என்பதால் அதில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டரை இறக்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியா?

முதல் பதில்

தயவுசெய்து எக்ஸ்ட்ராக்டரை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: ஒன்று தானாக முறிந்தது, மற்றொன்று நீங்கள் திருகும்போது முறிந்தது. இவ்விரண்டும் ஒரே நோய் அல்ல.

மேனிஃபோல்ட் சூடேறும்போது ஹெட்டைவிட அதிகமாக நீள்கிறது, ஆறும்போது சுருங்குகிறது. இந்த இழுபறி பெரும்பாலும் இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்டுகளின் மேல்தான் விழுகிறது. ஓர ஸ்டட்டுகள் அடிக்கடி முறிவதற்கு இதுவே காரணம். அப்படிக் களைத்து முறிந்த ஸ்டட்டின் மரை இறுகியிருக்க வேண்டிய அவசியமில்லை. அதை இழுத்துப் பிடித்திருந்த விசையும் முறிந்த கணத்திலேயே போய்விட்டது. உடைந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி கறுத்து வழவழப்பாகவும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் விரிசல் பல நாட்களாக வளர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். அதன் விளிம்பில் கூரான சிறு உளியை வைத்து, இடஞ்சுழியாக மெதுவாகத் தட்டிப் பாருங்கள்.

திருகும்போது முறிந்ததோ, மரையின் பிடி இரும்பின் வலிமையையே மிஞ்சிவிட்டது என்பதற்குச் சான்று. முழுத் தடிமனுள்ள ஸ்டட்டையே முறித்த பிடியை, அதன் நடுவில் துளைத்த சிறு ஓட்டைக்குள் இறங்கும் எக்ஸ்ட்ராக்டர் எப்படி வெல்லும்? அது கடினப்படுத்தப்பட்ட எஃகு என்பதால் வளையாமல் ஒடியும். ஒடிந்த பிறகு சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். வேலையின் கடினத்தைப் பத்து மடங்காக்க இதைவிட விரைவான வழி இல்லை.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுக்கு வெல்டிங்தான் மருந்து. பலர் நட்டைப் பற்றவைப்பது ஸ்பானர் பிடிப்பதற்காக மட்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேலையைச் செய்வது வெப்பம். ஸ்டட் உட்புறமிருந்து சிவக்கும்போது விரிய முயல்கிறது, சுற்றியுள்ள கனமான வார்ப்பிரும்பு இடம் கொடுப்பதில்லை, பிறகு ஆறிச் சுருங்கும்போது மரைக்கும் துருவுக்கும் இடையே பிடி விட்டுப்போகிறது.

முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வண்டியானால் அதன் இணைப்பையும் கழற்றுவது நல்லது. வெல்டிங் கருவியின் எர்த் கிளாம்பை ஹெட்டின் மேலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். அருகிலுள்ள டீசல் குழாய்களையும் வயர்களையும் விலக்கியோ மறைத்தோ வையுங்கள். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். குளோரின் கலந்த வகைகள் சூட்டில் நச்சுவாயுவாக மாறும். பூச்சில்லாத வெறும் இரும்பு நட்டையே எடுங்கள். துத்தநாகப் பூச்சின் புகையும் உடலுக்குக் கெடுதல்.

நட்டை ஸ்டட்டின்மேல் வைத்து, 2.5 மி.மீ. வெல்டிங் ராடால் ஸ்டட்டின் நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி நட்டின் துளையை நிரப்புங்கள். சிவப்பு மறையும் வரை காத்திருந்து, மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொடுங்கள். மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படுவது கண்ணுக்கே தெரியும். இனி ஸ்பானரைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு, பிறகு கழற்றும் திசையில் ஒரு நூலளவு என்று அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரே மூச்சில் திருகினால் மறுபடியும் முறியும். நட்டு பிய்த்துக்கொண்டு வந்தாலும் கவலை வேண்டாம், இன்னொன்றைப் பற்றவையுங்கள். ஒவ்வொரு முறை சூடேறி ஆறுவதும் துருவின் பிடியைத் தளர்த்துகிறது.

மூன்றாம் பதில்

ஃபிளேஞ்ச் நட்டுகளைக் காப்பாற்ற ஒரு நிமிடமும் செலவிடாதீர்கள். குழாயையே மாற்றுகிறீர்கள், கிரைண்டரால் அறுத்துத் தள்ளுங்கள்.

ஒருவேளை வெல்டிங்கும் கைகொடுக்காவிட்டால் துளையிட்டு எடுப்பதே கடைசி வழி. அப்போது கண்ணளவில் துளையிடக் கூடாது. மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, அதன் துளைக்குள் பொருந்தும் புஷ் (குழல் போன்ற உருளை) ஒன்றை லேத்தில் கடைந்து, 4 மி.மீ. நடுத்துளையோடு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரில் நடுவில் நிற்பதற்கு இதைவிட நம்பகமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. இடது மரை (கழற்றும் திசையில் சுழன்று வெட்டும்) டிரில் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். துளையிடும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடுவதுண்டு. 10 மி.மீ. ஸ்டட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ. ஆனால் 8.5 மி.மீ. வரை படிப்படியாகப் பெரிதாக்கி, மிஞ்சும் மரைச் சுருளைக் கொக்கியால் இழுத்து எடுத்துவிட்டு, மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்யலாம். மரை கெட்டால் ஹெலிகாயில் என்னும் மாற்று மரைச் சுருள் இருக்கிறது. சில என்ஜின்களில் ஸ்டட் துளை தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கும். ஆழத்தை அளந்து டிரில் பிட்டில் நாடா ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மட்டமாக முறிந்ததன் முகம் நீங்கள் சொன்னபடியே முக்கால் பங்கு கறுத்திருந்தது. உளியால் ஏழெட்டுத் தட்டு தட்டியதும் நகரத் தொடங்கியது. மரை ஒன்று வெளியே தெரிந்த பிறகு விரலாலேயே சுழற்றி எடுத்துவிட்டேன். இதிலா துளையிட இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மற்றதில் இரண்டு நட்டுகள் பிய்ந்து வந்தன. மூன்றாவதைப் பற்றவைத்து, மெழுகு காட்டி, ஏறத்தாழ அரைமணி நேரம் முன்னும் பின்னும் அசைத்த பிறகு, கிறீச்சென்ற ஒலியோடு செம்பழுப்புத் தூளைக் கக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஹெட்டின் மரை நன்றாகவே இருக்கிறது. பழைய மேனிஃபோல்டையே மீண்டும் மாட்டலாமா?

முதல் பதிலளித்தவர்

மிக்க மகிழ்ச்சி. மாட்டுவதற்கு முன் மேனிஃபோல்டின் முகங்களின்மேல் நேரான எஃகுச் சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) இடைவெளியை அளந்து, தயாரிப்பாளர் கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள். வளைந்திருந்தால் முகத்தைச் சீவி மட்டமாக்காமல் மாட்டாதீர்கள்; புதிய ஸ்டட்டும் அதே ஓரத்தில் முறியும், கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஓட்டுநர் அறைக்குள் புகவும் கூடும்.

ஒன்றிரண்டை மட்டுமல்லாமல் எல்லா ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் புதிதாக வாங்குங்கள். இதுவரை முறியாதவையும் அதே இழுபறியைத்தான் தாங்கியிருக்கின்றன. மரையில் மரை இறுகிப்போகாமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். ஆனால் பசை தடவிய மரையில் உராய்வு குறைவு. உலர்ந்த மரைக்கென்று சொல்லப்பட்ட டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவை அப்படியே கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கையேட்டில் எந்த நிலைக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குங்கள்.