புது கெர்னலில் பூட் ஆகவில்லை, பூட் பார்ட்டிஷன் நிரம்பிக் கிடக்கிறது: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் என் மடிக்கணினி, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆக மறுக்கிறது. கருந்திரையில் 'கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)' என்று, அதாவது ரூட் பார்ட்டிஷனை (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதி) இணைக்க முடியவில்லை என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலை எடுத்தால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. அதனால் டிஸ்க்கைச் சந்தேகப்படவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கெர்னல் கோப்புகளுக்கென்று தனியாக இருக்கும் பூட் பார்ட்டிஷனில் துளி இடம் இல்லை. புதுக் கெர்னலுக்கு விஎம்லினஸ் கோப்பு (கெர்னலே இதுதான்) இருக்கிறது. ரூட் பார்ட்டிஷனைத் திறப்பதற்கான தொடக்க வேலைகளைச் செய்யும் இனிட்ஆர்டி கோப்பைக் காணோம். ரூட் பார்ட்டிஷன் லக்ஸில் (லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறை) என்கிரிப்ட் செய்தது. இனிட்ஆர்டி இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்கவே ஆளில்லை, பிறகு எப்படி மவுண்ட் ஆகும்? காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல் என்னவென்றால், தேவையற்ற பழைய பேக்கேஜ்களை நீக்கும் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளை கொடுத்தாலும் பாதியில் நிற்கும் புதுக் கெர்னல் பேக்கேஜை முதலில் முடிக்கப் பார்க்கிறது. இடமில்லை என்று மறுபடி தோற்கிறது.

இப்போது ஓடும் கெர்னலை விட்டுவிட்டு, அதற்கும் பழையதை டிபிகேஜி பர்ஜ் (ஒரு பேக்கேஜை முழுதாக நீக்கும் கட்டளை) மூலம் நேரடியாக நீக்கலாமா? அல்லது இனிட்ஆர்டி கோப்பை உருவாக்கும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்பதை 'மோஸ்ட்' (பெரும்பாலான டிரைவர்கள்) என்பதிலிருந்து 'டெப்' (இந்தக் கணினிக்குத் தேவையானவை மட்டும்) என்று மாற்றிக் கோப்பைச் சிறிதாக்கலாமா? லக்ஸ் இருக்கும் கணினியில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். தங்கையின் ஆய்வேடு முழுதும் இதில்தான் இருக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டேன், லைவ் யூஎஸ்பியும் தயார். உங்கள் பதில் வரும்வரை கணினியை அணைக்கப் போவதில்லை.